ஜேக்கப் மெண்டெஸ் டா கோஸ்டா

ஜேக்கப் மெண்டெஸ் டா கோஸ்டா (பெப்ரவரி 7, 1833 - செப்டம்பர் 1900) ஓர் அமெரிக்க மருத்துவர், மருத்துவப் பேராசிரியர், நூலாசிரியர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படைவீரர்களிடம் காணப்பட்ட படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றை முறையாக ஆராய்ந்து 1871 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைக்காக இவர் அறியப்படுகிறார். அந்நோய் பின்னர் டா கோஸ்டா நோய்த்தொகுப்பு என இவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. அது இதயத்தின் நோயா, உள்ளத்தின் பதற்றமா (இலங்கை வழக்கில் பதகளிப்பு), அல்லது உடல் நோயொன்று தோற்றுவித்த பதற்றமா என்னும் கேள்வி இவர் காலத்துக்குப் பின்னும் தொடர்ந்தது. பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் இந்நோய்க்கு இடப்பட்ட குறியீடுகளின் வரலாறு பெருமளவுக்கு இக்கேள்வியின் வரலாறே ஆகும்.

ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பிற்காலத்தில் புகழ்பெற்ற அறுவை மருத்துவரான ஜான் சால்மர்ஸ் டா கோஸ்டா (1863 - 1933) வேறொருவர். இருவரும் ஒரே கல்லூரியில் பணியாற்றியதால் சில நூல்களில் குழப்பம் நேர்ந்துள்ளது.

பிறப்பும் கல்வியும்

டா கோஸ்டா கரிபியக் கடலிலுள்ள செயிண்ட் தாமஸ் தீவில் பிறந்தார். அத்தீவு அப்போது டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. 1917 இலேயே அமெரிக்காவின் கைக்கு வந்தது. இவருடைய குடும்பம் ஐபீரியத் தீபகற்பத்தை மூலமாகக் கொண்ட செபார்திய யூதக் குடும்பம். ஓவியர் கமீல் பிசாரோ இதே தீவில், இதே சமூகப் பின்னணியில், 1830 இல் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இளமைக் கல்வியின் ஒரு பகுதியை இவர் ஐரோப்பாவில் பெற்றார். இதனால் பல ஐரோப்பிய மொழிகளில் பயிற்சி உண்டாயிற்று. பின்னர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்கு வந்து ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1852 இல் பட்டம் பெற்றார். அப்போது இவருக்கு வயது 19. அதன்பின் மீண்டும் ஐரோப்பா சென்று பாரிசு, வியன்னா ஆகிய நகரங்களின் மருத்துவமனைகளில் பயின்றார். மார்பைத் தட்டிப் பார்த்தும் ஒலிச்சோதிப்பானால் கேட்டும் நோயறியும் முறைகள் அந்நகரங்களில்தான் அக்காலத்தில் உயர்ந்த நிலையில் இருந்தன. இறந்தவர் உடலைத் திறந்து பார்த்து, உயிரோடிருந்தபோது கேட்ட ஒலியோடு ஒப்பிடும் வழக்கமும் அங்கு வேரூன்றியிருந்தது. இப்பயிற்சியே டா கோஸ்டாவின் பிற்காலப் பணிகள் அனைத்துக்கும் அடித்தளம் எனலாம்.

பிலடெல்பியாவில் தொழில்

பிலடெல்பியா திரும்பிய டா கோஸ்டா மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். மாணவர்களுக்குத் தனி வகுப்புகளும் நடத்தினார். 1857 இல் தொடங்கப்பெற்ற பிலடெல்பியா நோயியல் கழகத்தின் தொடக்க கால உறுப்பினர்களுள் இவரும் ஒருவர். 1860 இல் மருத்துவர் ஜான் ஹில் பிரின்டனின் சகோதரி சாராவை மணந்தார். பிரின்டன் பின்னர் வட மாநிலப் படையின் அறுவை மருத்துவராகவும், அமெரிக்க இராணுவ மருத்துவ அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளராகவும் விளங்கியவர்.

இவருடைய மருத்துவ நோயறிதல் என்னும் பாடநூல் போர் நடந்துகொண்டிருந்த 1864 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. நோயின் பெயரிலிருந்து தொடங்காமல், நோயாளியிடம் காணப்படும் அறிகுறியிலிருந்து தொடங்கி, ஒத்த அறிகுறியுடைய நோய்களை ஒவ்வொன்றாக வேறுபடுத்திக் காட்டுவது அந்நூலின் முறை. மாணவர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்ற அந்நூலின் ஒன்பதாம் பதிப்பு 1900 இல் வெளிவந்தது.

உள்நாட்டுப் போரும் டர்னர்ஸ் லேன் மருத்துவமனையும்

1861 இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் குண்டுபட்டு இறக்கவில்லை. வயிற்றுப்போக்கு, குடற்காய்ச்சல், மலேரியா முதலிய நோய்களால் இறந்தனர். போர்முனைக்குத் தொலைவில் இருந்த பிலடெல்பியா, நோயுற்ற வீரர்கள் கொண்டுவரப்படும் பெரிய மருத்துவ மையமாயிற்று. டா கோஸ்டா அங்கு இராணுவ மருத்துவமனைப் பணியை ஏற்றார்.

1862 ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் நடந்த தீபகற்பப் படையெடுப்புக்குப் பின்னர், ஒரு புதுமாதிரியான நோயாளிகள் பெருந்தொகையாக வரத் தொடங்கினர். அவர்களின் கதை பெரும்பாலும் ஒரே வகையில் இருந்தது. இளம் வீரர் ஒருவர் சில வாரங்களோ மாதங்களோ வயிற்றுப்போக்காலோ காய்ச்சலாலோ துன்புறுவார். ஓரளவு தேறியதும் படைப்பிரிவுக்குத் திரும்புவார். ஆனால் முன்போல் நடைப்பயணத்தில் தோழர்களுடன் ஈடுகொடுக்க அவரால் இயலாது. துப்பாக்கியையும் சுமையையும் தூக்கிக்கொண்டு சிறிது தொலைவு சென்றதுமே மூச்சு வாங்கும், தலை சுற்றும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், இடப்பக்க மார்பில் குத்தும் வலி தோன்றும். மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார். அங்கு வந்து சேர்ந்தவரைப் பார்த்தால் நல்ல உடல்நலம் உள்ளவர் போலவே தோன்றுவார்.

இத்தோற்றமே சிக்கலுக்குக் காரணம். படைப்பணியிலிருந்து தப்பிக்க நோயுற்றதாக நடிப்பவர்கள் அக்காலத்தில் இராணுவ மருத்துவர்களின் பெருங்கவலையாக இருந்தனர். நரம்பு நோய்களுக்கும் நரம்புக் காயங்களுக்கும் எனப் பிலடெல்பியாவில் அமைக்கப்பட்ட டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில் சைலஸ் வெயர் மிட்செல், ஜார்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன் ஆகிய மூவரும் பணியாற்றினர். நரம்பு நோய்போல் நடிப்பவரைக் கண்டறிவது எப்படி என்பது பற்றி அவர்கள் 1864 இல் ஒரு கட்டுரையே எழுதினர். ஈதர் மயக்க மருந்தைக் கொடுத்துச் சோதிப்பது அவர்களின் வழிகளுள் ஒன்று. அதே மருத்துவமனையில்தான் இதயக் கோளாறுடைய வீரர்களுக்கான பிரிவு டா கோஸ்டாவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒருவரை நோயாளி என்று எழுதுவதா, நடிப்பவர் என்று எழுதுவதா என்பது வெறும் சொல் சார்ந்த செய்தியன்று. அவ்வீரர் மீண்டும் போர்முனைக்கு அனுப்பப்படுவாரா, ஓய்வில் வைக்கப்படுவாரா, படையிலிருந்து விடுவிக்கப்படுவாரா என்பதை அப்பதிவே தீர்மானித்தது.

டா கோஸ்டா தம் நோயாளிகளை நம்பினார். ஆனால் நம்பிக்கையோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொருவரின் நாடித்துடிப்பையும் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் எண்ணிப் பார்த்தார். நிற்கும்போது மிக விரைவாக இருந்த நாடி, படுத்தவுடன் வெகுவாகக் குறைந்தது. நாடி இவ்வளவு விரைந்தபோதும் மூச்சின் வேகம் அதற்கேற்ப உயரவில்லை என்பதையும் குறித்துக்கொண்டார். நெஞ்சுவலியைச் சொல்லளவில் நடித்துவிடலாம். நாடியின் எண்ணிக்கையை நடிப்பது எளிதன்று.

1871 ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரை

போர் 1865 இல் முடிந்தது. டா கோஸ்டா உடனே எழுதிவிடவில்லை. தம்மிடம் மருத்துவம் பெற்ற வீரர்களுள் பலர் பின்னர் என்ன ஆயினர் என்பதையும் விசாரித்து அறிந்த பிறகு, 1871 சனவரியில் அமெரிக்க மருத்துவ அறிவியல் இதழில் எளிதில் கிளர்ச்சியுறும் இதயம் என்னும் பொருள்பட்ட தலைப்பில் கட்டுரையை வெளியிட்டார். அது 300 க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கண்ட பட்டறிவின் மீது எழுந்தது. அவர்களுள் 200 பேரின் விவரங்களை அட்டவணைப்படுத்தி ஆராய்ந்திருந்தார்.

படைவீரர்களின் இதய நோய் பற்றி இவருக்கு முன்னரும் சிலர் எழுதியிருந்தனர். அமெரிக்காவில் என்றி ஹார்ட்ஷோர்ன் போர்க்காலத்திலேயே இதயத் தசையின் களைப்பு எனக் கருதினார். பிரித்தானியாவில் மக்ளீன், ஆர்தர் மையர்சு ஆகியோர் முதுகுப்பையின் வார்களும் இறுக்கமான சீருடையும் மார்பை நெருக்குவதே காரணம் என்றனர். ஆனால் இத்தனை நோயாளிகளை இவ்வளவு விரிவாக ஆராய்ந்தவர் எவரும் இலர்.

படபடப்பே தலையாய அறிகுறி. அது சிலருக்கு இரவில் உறக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்குக் கடுமையாக இருந்தது. நெஞ்சுவலி ஏறக்குறைய அனைவருக்கும் இருந்தது. மூச்சுத்திணறல், தலைவலி, தலைச்சுற்றல், கைகளில் வியர்வை, செரிமானக் கோளாறு, கெட்ட கனவுகளால் கெடும் உறக்கம் ஆகியவற்றையும் இவர் பதிவு செய்தார். இன்று இப்பட்டியலைப் படிக்கும் மருத்துவ மாணவர் எவரும் பதற்றக் கோளாற்றின் அறிகுறிகளை இதில் காண்பார். ஆனால் டா கோஸ்டா பதற்றத்தையோ அச்சத்தையோ காரணமாகக் கூறவில்லை. கடுமையான களப்பணி, குறிப்பாக மிகையான நடைப்பயணம், முதற்காரணம் என்றும், அதற்கடுத்து வயிற்றுப்போக்கு, காய்ச்சல் ஆகியவை முக்கியமானவை என்றும் அட்டவணை காட்டியது. மிகை உழைப்பாலும் நோயாலும் நலிந்த உடலில் இதயம் அளவுக்கு மீறித் துடித்துப் பழகிவிடுகிறது. அதன் நரம்பு இயக்கம் குலைந்துபோவதால் அந்நிலை நீடிக்கிறது என்பது அவர் கொண்ட விளக்கம். ஆகவே இதை இதயத்தின் உறுப்பியல் நோயாக அன்றி, செயற்பாட்டுக் கோளாறாகவே வகைப்படுத்தினார். எனினும் நெடுநாள் நீடித்தால் இதயம் உண்மையிலேயே பருத்து உறுப்பியல் நோயாக மாறக்கூடும் என்றும் எழுதினார். இக்கடைசிக் கருத்தைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை.

மருத்துவத்தில் முதலிடம் ஓய்வுக்கு. நோயாளிகளைப் பல வாரங்கள் படுக்கையில் வைத்திருந்தார். மருந்துகளில் டிஜிட்டாலிஸ் பெரிதும் பயன்படுத்தப்பட்டது; அகோனைட், பெல்லடோனா போன்றவற்றையும் முயன்று பார்த்து, எது யாருக்குப் பயன்பட்டது, எது பயன்படவில்லை என இரண்டையும் எழுதினார். தோல்விகளை மறைக்காமல் பதிந்திருப்பது இக்கட்டுரையின் சிறப்பாகும். காய்ச்சலிலிருந்து எழுந்த வீரரை உடனடியாகக் கடும் பணிக்கு அனுப்பலாகாது என்பது இதிலிருந்து கிடைத்த நடைமுறைப் பாடம். இதே கோளாறு போருக்குத் தொடர்பில்லாத பொதுமக்களிடமும் காணப்படுகிறது என்பதையும் இவர் கவனித்திருந்தார். நோய்க்குப் படைவீரரின் பெயரைச் சூட்டியவர்கள் பலர் இதை மறந்துவிட்டனர்.

பேராசிரியர் பணியும் இறுதிக்காலமும்

1872 இல் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியின் மருத்துவப் பேராசிரியரானார். 1891 இல் ஓய்வு பெறும் வரை அப்பதவியில் இருந்தார். பென்சில்வேனியா மருத்துவமனையிலும் நெடுங்காலம் பணியாற்றினார். பிலடெல்பியா மருத்துவர் கல்லூரியின் தலைவராகவும், 1897 இல் அமெரிக்க மருத்துவர் சங்கங்களுள் ஒன்றின் தலைவராகவும் இருந்தார். ஓவியர் தாமஸ் ஈக்கின்சு 1893 இல் இவருடைய உருவப்படத்தை வரைந்தார்.

1900 செப்டம்பரில், பிலடெல்பியாவுக்கு அருகிலுள்ள வில்லனோவாவில் டா கோஸ்டா காலமானார்.

நோயின் பிற்காலப் பெயர்கள்

டா கோஸ்டா உயிருடன் இருந்தபோதே, 1895 இல், சிக்மண்ட் பிராய்டு வியன்னாவில் பதற்ற நரம்புப்பிணி என்னும் தனி நோயை வரையறுத்தார். படபடப்பும் மூச்சுத்திணறலும் வியர்வையும் அதன் அறிகுறிகளுள் அடங்கின. ஒரே அறிகுறிகளை ஒருவர் இதயத்தின் பக்கத்திலிருந்தும் மற்றவர் உள்ளத்தின் பக்கத்திலிருந்தும் கண்டனர். இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையில் பல்லாயிரக்கணக்கானோர் இதே நிலையில் திருப்பி அனுப்பப்பட்டனர். இதயத்தின் ஒழுங்கற்ற இயக்கம் என்பது அப்போது ஆவணங்களில் இடப்பட்ட பெயர். 1916 இல் இலண்டனின் ஆம்ப்ஸ்டெட் பகுதியில் இதற்கெனத் தனி இராணுவ மருத்துவமனை அமைந்தது. அடுத்த ஆண்டு அது கோல்செஸ்டருக்கு மாற்றப்பட்டது. அங்கு பணியாற்றிய தாமஸ் லூயிஸ், இதயத்துக்கு நோய் இல்லை, இது உடல் உழைப்புக்கு நலமுள்ளவரிடமும் தோன்றும் மறுவினைகளின் மிகைநிலையே என்று கூறி, உழைப்பு நோய்த்தொகுப்பு எனப் பெயரிட்டார். டா கோஸ்டா படுக்கையில் வைத்த நோயாளிகளை லூயிஸ் படிப்படியான உடற்பயிற்சியில் ஈடுபடுத்தினார். அமெரிக்கர்கள் 1918 இல் நரம்புச் சுற்றோட்ட நலிவு என்ற பெயரை முன்வைத்தனர்.

திருப்பம் 1941 இல் நேர்ந்தது. பிரித்தானிய இதய மருத்துவர் பால் வுட், டா கோஸ்டா நோய்த்தொகுப்பு பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளில், இந்நோயின் அறிகுறிகள் உணர்ச்சியின், குறிப்பாக அச்சத்தின், வெளிப்பாடுகளே என்றும், இவர்களுக்குத் தேவை உளமருத்துவமே என்றும் வாதிட்டார். 1950 இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள், பால் டட்லி ஒயிட் உட்பட, 173 நோயாளிகளை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவை வெளியிட்டனர். அறிகுறிகள் பலரிடம் நீடித்தன. ஆனால் இந்நோயால் இறப்பு கூடவில்லை.

நோய் வகைப்பாட்டில் இடம்

உள்நாட்டுப் போரின்போது வட மாநிலப் படையின் மருத்துவர்கள் அச்சிட்ட படிவங்களில் நோய்களை வகைப்படுத்தி அனுப்ப வேண்டியிருந்தது. வீட்டு ஏக்கம்கூட அப்பட்டியலில் ஒரு நோயாக இடம்பெற்றிருந்தது. பன்னாட்டளவில் ஒரே பட்டியல் என்பது 1893 இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் சாக் பெர்த்தியோன் தொகுத்த வகைப்பாட்டிலிருந்து தொடங்குகிறது. அதைத் திருத்துவதற்கான முதல் பன்னாட்டு மாநாடு, டா கோஸ்டா மறைவதற்கு முந்தைய மாதம், 1900 ஆகஸ்டில் பாரிசில் கூடியது. ஆனால் அது இறப்புக்கான காரணங்களின் பட்டியல். டா கோஸ்டாவின் நோயாளிகள் இந்நோயால் இறப்பதில்லை என்பதால், அவர்களுக்கு அதில் இடமில்லை.

உலக சுகாதார அமைப்பு 1948 இல் வெளியிட்ட ஆறாம் திருத்தத்தில்தான் இறப்புக்குக் காரணமாகாத நோய்களும், உளநோய்களுக்கான தனிப் பகுதியும் சேர்க்கப்பட்டன. பால் வுட்டின் கருத்து அதற்குள் வலுப்பெற்றிருந்தது. ஆகவே இந்நோய் இதய நோய்களின் அத்தியாயத்துக்குப் போகாமல், சுற்றோட்ட மண்டலத்தைப் பாதிக்கும் உள நரம்புப்பிணி என 315 ஆம் எண்ணில் வைக்கப்பட்டது. ஒன்பதாம் திருத்தத்தில் 306.2 என்னும் எண் கிடைத்தது. 1990 இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில் (ஐ.சி.டி. 10) எஃப் 45.3 என்னும் குறியீட்டின் கீழ் டா கோஸ்டா நோய்த்தொகுப்பு பெயரிட்டே குறிக்கப்பட்டுள்ளது. எஃப் என்பது உள, நடத்தைக் கோளாறுகளுக்கான எழுத்து. ஐ என்பது சுற்றோட்ட நோய்களுக்கானது. தம் நோயாளிகளை இதயப் பிரிவில் வைத்துக் காத்த மருத்துவரின் பெயர் இவ்வாறு எஃப் எழுத்தின் கீழ் வந்து சேர்ந்தது.

இதே அத்தியாயத்தில் எஃப் 06.4 என்னும் மற்றொரு குறியீடும் உண்டு. இது உறுப்பியல் பதற்றக் கோளாறு, அதாவது உடல் நோயொன்றின் நேரடி விளைவாகத் தோன்றும் பதற்றம். தைராய்டு மிகைநிலை, அண்ணீரகச் சுரப்பிக் கட்டியான பியோகுரோமோசைட்டோமா, பொட்டுமடல் வலிப்பு ஆகியவை இதற்கு வகைப்பாட்டிலேயே தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகள். அமெரிக்காவில் பயன்படும் வடிவத்தின் விதிப்படி, அடிப்படை நோயின் குறியீட்டை முதலில் எழுதி, அதன்பின்னரே எஃப் 06.4 ஐ எழுத வேண்டும். தைராய்டு மிகைநிலையால் பதற்றம் எனில் ஈ 05 முதலில் வரும். தமக்கு நோய் வந்துவிட்டதே என்று ஒருவர் கவலைப்படுவது இக்குறியீட்டில் அடங்காது; நோய் உடலியங்கியல் வழியாகவே பதற்றத்தைத் தோற்றுவித்திருக்க வேண்டும். வேறுபாடு நோயாளியின் முகத்தில் தெரிவதில்லை. இரத்தப் பரிசோதனை, நோய் தொடங்கிய வரிசை, அடிப்படை நோய் குணமாகும்போது பதற்றமும் தணிகிறதா என்பன கொண்டே முடிவு செய்கின்றனர். எஃப் 45.3 எழுதப்பட்டவருக்கு உடலில் காரணம் தேடும் வேலை முடிந்துவிட்டது, எஃப் 06.4 எழுதப்பட்டவருக்கு அக்காரணத்துக்கான மருத்துவம் அப்போதுதான் தொடங்குகிறது.

2022 இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தத்தில் எஃப் 45.3 க்கு இணையான தனிப் பிரிவு நீடிக்கவில்லை. உடல் நோயால் வரும் பதற்றத்துக்கு இரண்டாம்நிலைப் பதற்ற நோய்த்தொகுப்பு என்ற பெயரில் 6ஈ63 என்னும் குறியீடு தரப்பட்டுள்ளது.

தற்கால மதிப்பீடு

டா கோஸ்டா கண்ட 300 பேரும் ஒரே நோய் உடையவர்கள் அல்லர் என்பதே இன்று பரவலான கருத்து. சிலருக்குப் போர் அச்சத்தின் விளைவு இருந்திருக்கலாம். சிலருக்கு அக்காலக் கருவிகளால் கண்டறிய இயலாத இதய அல்லது தைராய்டு நோய் இருந்திருக்கலாம். 1993 இல் நிலைமாற்ற இதயவிரைவு நோய்த்தொகுப்பு என்னும் நோய் வரையறுக்கப்பட்டது. எழுந்து நின்ற 10 நிமிடங்களுக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் உயர்வது அதன் அடையாளம். தொற்றுநோய்க்குப் பின் இது தோன்றுவது உண்டு. கோவிட்-19 நோய்க்குப் பின்னரும் பலரிடம் காணப்பட்டது. இதனால் பாதிக்கப்பட்டவர்கள் பலருக்கு முதலில் பதற்றக் கோளாறு என்றே எழுதப்பட்டுள்ளது. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பின் தொடங்கி, நிற்கும்போது விரைந்து படுத்தால் தணியும் நாடியை டா கோஸ்டா பதிந்து வைத்த அட்டவணைகளை, இந்நோயை ஆராய்பவர்கள் மீண்டும் எடுத்துப் படிக்கின்றனர்.